பெரியம்மா பையன்

1. கமெண்டரி நின்றது

ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம். எங்கள் டாக்டர் மேடத்துக்கு வாய் ஓயாது. ப்ரோபை வயிற்றில் வைத்த நிமிடத்திலிருந்து, "இதோ தலை, இதோ கை, அம்மாவுக்கு டாட்டா காட்டுது பாருங்க" என்று கமெண்டரி ஓடிக்கொண்டே இருக்கும். நடுச்சுவர் வெறும் பிளைவுட், என் அறைக்கு எல்லாம் கேட்கும். அன்று காலை அந்தக் கமெண்டரி பாதியில் நின்றது. நான் டீயை மூடி வைத்துவிட்டு, டிஷ்யூ டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் ஜெனடிக் கவுன்சிலராக இருந்தேன். அதற்கு முன்னால் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அந்தப் பழக்கத்தில் கடைசி நாள் வரைக்கும் எல்லாருக்கும் நான் லலிதா சிஸ்டர்தான். போன வருஷம் ரிட்டயர் ஆனேன். சென்டரில் இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "சிஸ்டர், உங்க கேஸ் ஏதாவது எழுதிக் குடுங்க" என்று பிடுங்கி எடுக்கிறார்கள். ஸ்லைடு போட்டு விளக்குவேன் என்று எதிர்பார்த்தால் அது அவர்கள் தலையெழுத்து. எனக்குக் கதையாகத்தான் சொல்ல வரும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். மூன்றாம் மாதக் கடைசியில் எடுப்பது என்டி ஸ்கேன். குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். அது எவ்வளவு கனம் என்று அளப்பார்கள். கூடுதலாக இருந்தால் குரோமோசோமில் கோளாறு இருக்கலாம், இதயத்தில் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த 'லாம்'களை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்தினேன். எந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று புரியவைப்பது வரைக்கும் என் வேலை. முடிவெடுப்பது அவர்கள் வேலை.

என் அறையில் வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலிகள்தான் போட்டிருப்பேன். நான்காவது போட்டால் நான்காவது ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார், அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இருக்கும். அன்று மூன்று பேர்தான் வந்தார்கள். ஹேமா, அவள் கணவர் சதீஷ், ஹேமாவின் அம்மா சரோஜா. ஹேமா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் சூபர்வைசர். முப்பத்திரண்டு வயது. அழவில்லை. அழாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலை.

சதீஷின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து அவருடைய அம்மா. அவர் கட் பண்ண, அது திரும்ப அடிக்க, கடைசியில் நானே, "அந்த போனை என் டிராயர்ல போடுங்க தம்பி" என்று வாங்கி உள்ளே வைத்தேன்.

"சிஸ்டர், டாக்டர் 'மூணு புள்ளி ஒன்பது'ன்னாங்க. அது ரொம்ப ஜாஸ்தியா?" என்றார் சதீஷ்.

"ஜாஸ்திதான். அதுக்காக குழந்தைக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம் இல்ல. இருக்கான்னு பார்த்துடணும்னு அர்த்தம்."

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க" என்றார் சரோஜா. "எங்க வம்சத்துலயே அந்த மாதிரி கிடையாது."

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம். இதற்கு முன்னால் இரண்டு முறை தரித்து, இரண்டுமே மூன்று மாதத்துக்குள் கலைந்துவிட்டது. ஏன் கலைந்தது என்று யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. "கண்ணு பட்டுடுச்சுங்க, வேற என்ன" என்றார் சரோஜா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு பக்கத்துலயும் யாருக்காவது பிறவியிலேயே ஏதாவது குறை, வளர்ச்சி கம்மி, அப்படி யாராவது?"

"யாருமில்லீங்க."

"ஏன் அத்தை, ரகு இருக்கார்ல?" என்றார் சதீஷ்.

ஹேமா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"அவன் எங்க அக்கா பையன்ங்க" என்றார் சரோஜா, என்னைப் பார்க்காமல். "அக்கா அரக்கோணத்துல தவறிப்போச்சு. நான்தான் வெச்சு வளர்க்குறேன். அது அவங்க வீட்டுக்காரர் பக்கத்துலேர்ந்து வந்தது."

"டவுன் சிண்ட்ரோம் சிஸ்டர்" என்று சதீஷ் விளக்கினார். "ஹேமாவோட பெரியம்மா பையன். முப்பத்தாறு வயசு. ரொம்ப தங்கமான ஆளு. நான் மந்தைவெளியில அத்தை வீட்டுக்குப் போனா என் ஷூவை அவர்தான் கழட்டி ஸ்டாண்டுல வைப்பார்."

சரி, தாய் வழியில் ஒரு பெரியம்மா பையன். தூரம்தான். அப்படியே குறித்துக்கொண்டேன்.

பிறகு டெஸ்ட்களைச் சொன்னேன். ஒன்று, தாயின் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்ப்பது. ஆபத்தே கிடையாது. ஆனால் அது சல்லடை மாதிரிதான், சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், தீர்த்துச் சொல்லாது. இன்னொன்று, வயிற்றின் வழியாக ஊசி விட்டு நஞ்சுக்கொடிப் பக்கத்திலிருந்து துளி சதை எடுப்பது. சிவிஎஸ் என்போம். அதுதான் தீர்த்துச் சொல்லும். அதில் கரு கலைகிற அபாயம் மிகமிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பொறுத்து நான்காம் மாதத்துக்கு மேல் பனிக்குட நீரை எடுத்தும் பார்க்கலாம். எதுவுமே வேண்டாம் என்று இருந்துவிடவும் உரிமை இருக்கிறது. ரிசல்ட் மோசமாக வந்தால் தொடரலாம், தொடராமலும் இருக்கலாம். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன்.

சதீஷ் தலையைப் பலமாக ஆட்டினார். "ஊசி மட்டும் வேணாம் சிஸ்டர். ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சு. நாமளே குத்தி மூணாவதும் போச்சுன்னா இவ தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன்."

"அதான், ஊசியெல்லாம் எதுக்கு" என்றார் சரோஜா. "கடவுள் விட்ட வழி."

ஹேமாவிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள், "அவங்க சொல்ற மாதிரியே" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜிப்பை இழுத்தாள்.

2. வெயிட் மெஷின்

என்னிடம் ஒரு பழைய நர்ஸ் தந்திரம் இருக்கிறது. ஒரு பெண்ணைத் தனியாகப் பேசவைக்க வேண்டும் என்றால், "தனியா பேசணும்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் கூட வந்தவர்கள் விறைத்துக்கொள்வார்கள். "வெயிட் பார்க்கணும், வாம்மா" என்று சொல்ல வேண்டும். வெயிட் பார்ப்பதற்கு மாமியாரும் வர மாட்டார், வீட்டுக்காரரும் வர மாட்டார். எங்கள் சென்டரில் வெயிட் மெஷினை ஒதுக்குப்புறமாக ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்தவளே நான்தான். அந்த மெஷின் பல மாதமாக ரிப்பேர். யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஹேமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். முள் அசையவில்லை. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேலை செய்யலையே சிஸ்டர்."

"தெரியும். உனக்கு என்ன தோணுதுன்னு சொல்லு. உன் வயிறுதானே."

மெஷினை விட்டு இறங்காமலேயே பேசினாள். "ரகு என் பெரியம்மா பையன் இல்ல சிஸ்டர். என் கூடப்பிறந்த அண்ணன்."

நான் வார்டில் எத்தனையோ கேட்டவள். இருந்தாலும் பக்கத்திலிருந்த காட்டன் பண்டல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்கள், ஹாலில் ரகுவைப் பார்த்துவிட்டு, காபியைப் பாதி குடித்து எழுந்து போய்விட்டார்களாம். மூன்றாவதாகச் சதீஷ் வீடு. தரகர்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். செத்துப்போன அக்காவின் பிள்ளை என்று சொல்லிவிடுங்கள், யார் அரக்கோணம் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்று. ஹேமாவின் அப்பா அப்போதே இல்லை. சரோஜா ஒரு வாரம் ரகுவை உட்காரவைத்துப் பழக்கியிருக்கிறார், வெளியாள் வந்தால் அம்மா என்று கூப்பிடக் கூடாது, சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று.

"அவன் ஒரு நாள்கூட தப்பு பண்ணல சிஸ்டர். ஆள் போனதும் அம்மா. பெல் அடிச்சா சித்தி. ஆறு வருஷமா."

"அடிப்பாவி" என்றேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இது வெறும் குடும்ப ரகசியமாக இருந்தால் நான் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இது மருத்துவ விஷயம். சிலரிடம் ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. பிள்ளைக்குப் போகும்போதுதான் கணக்கு தப்பும். சில கரு கலையும், சில பிள்ளைகள் ரகுவைப் போலப் பிறப்பார்கள். கூடப்பிறந்த அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம், தங்கைக்கு இரண்டு முறை கலைந்திருக்கிறது, இப்போது ஸ்கேனில் கழுத்து கனம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். பெரியம்மா பையன் என்று எழுதினால் தாண்டிப் போய்விடுவார். அதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன்.

"அப்போ என்னாலதானா?"

"யாராலயும் இல்லம்மா. அப்படி ஏதாவது இருக்கான்னு பார்க்கணும், அவ்வளவுதான். உனக்கும் ரகுவுக்கும் ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும். குழந்தைக்கு என்னன்னு ஊசியில தெரிஞ்சிடும்."

அவள் பிறகு சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"குழந்தை ரகு மாதிரி பொறந்தா எனக்கு பயமில்ல சிஸ்டர். அவனுக்கு நான் சோறு ஊட்டியிருக்கேன், பாத்ரூம் பழக்கியிருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா அதை யாரோட குழந்தைன்னு சொல்லுவாங்க? எங்கம்மா அண்ணனை ஒளிச்ச மாதிரி நானும் ஒளிப்பேனா? அதான் எனக்கு பயம். டெஸ்ட் பண்ணணும். என்னன்னு தெரிஞ்சுட்டா, எல்லார்கிட்டயும் சொல்லிப் பழக எனக்கு டைம் இருக்கும்ல?"

கலைப்பதற்காகத்தான் டெஸ்ட் கேட்பார்கள் என்று நினைக்கிற ஜூனியர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

"நீங்களே உள்ள சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாள்.

"மாட்டேன். அது என் வாயிலேர்ந்து வந்தா உன் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்ப்பார். உன் அண்ணன், நீ சொல்லு. பக்கத்துல நான் உட்கார்ந்திருக்கேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஸ்டோர் ரூமிலிருந்து என் அறைக்குப் பத்தடிகூட இருக்காது. அதற்குள் இரண்டு முறை நின்றாள். உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை.

"என்னங்க, ரகு என் அண்ணன். எங்கம்மா பெத்த பையன்."

"ஏய் ஹேமா!" என்று எழுந்த சரோஜா, அப்படியே மறுபடி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சதீஷ் சிரிக்கப் பார்த்தார், விளையாடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு மாமியாரைப் பார்த்தார். எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். போனைக்கூட என் டிராயரிலேயே விட்டுவிட்டு.

ஹேமா அவருடைய காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் இளநீர் வண்டிக்காரரிடம் நின்றுகொண்டிருந்தார். இளநீரை வாங்கினார், குடிக்கவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்தார். இவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேனோ, ரிப்பேர் மெஷினில் ஏற்றி வாயைக் கிண்டியிருக்க வேண்டாமோ என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது கையில் அந்த இளநீர் அப்படியே இருந்தது. அதை ஹேமாவிடம் கொடுத்தார். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லல" என்றார்.

"ஆமா."

"எனக்குக் கோவம் வருது ஹேமா. ரொம்ப வருது. வீட்டுக்குப் போய் கத்துவேன்."

"கத்துங்க."

உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருஷமா பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டிருக்கேன். ஷூவை வேற எடுத்து வைக்க விட்டிருக்கேன். மச்சான்னு இல்ல கூப்பிட்டிருக்கணும்?"

ஹேமா அப்போதுதான் அழுதாள். டிஷ்யூ டப்பா காலியானது.

3. ரோஸ் மில்க்

ஊசிக்குச் சதீஷ் முழு மனதோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். டாக்டர் மேடத்திடம் போய், "நீங்களே போடுவீங்களா, வேற யாரையாவது விடுவீங்களா" என்று நேராகக் கேட்டார். மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. "நானே போடறேன். அவங்க கையைப் பிடிச்சுட்டு நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றார். அந்த வாரத்திலேயே நாள் குறித்தோம். ராகு காலம் வேண்டாம் என்று சரோஜா கேட்டுக்கொண்டார். அதற்கு நாங்கள் ஒருபோதும் தகராறு செய்வதில்லை.

ஹேமாவுக்கு ஊசி நல்லபடியாக முடிந்தது. மேடம் கமெண்டரியை நிறுத்தவே இல்லை, எனக்கு அதுவே பாதி நிம்மதி. ஹேமாவைப் படுக்கவைத்துவிட்டு ரத்தம் எடுக்கும் இடத்துக்கு வந்தேன். ரகு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் டிஷர்ட், வாரிவிட்ட தலை, சட்டைப் பையில் ஒரு சீப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் வைத்தார். கம்பவுண்டர் கையில் டோர்னிகேட் பட்டையைக் கட்டியதும் முகம் மாறியது. கையை இழுத்துக்கொண்டார்.

எங்கள் ஆயா கன்னியம்மா சாந்தோம் குப்பத்துக்காரி. வாசலில் துடைப்பத்தோடு நின்றவள் உள்ளே வந்துவிட்டாள். "இன்னா நைனா, இதுக்குப் போயி பயந்துக்கினு கீற? எறும்பு கடிக்கிற மாரிதான். கண்ண மூடிக்கோ, நான் கீறேன்ல."

"ரோஸ் மில்க் வாங்கித் தரேன்" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"பெருசு" என்றார் ரகு.

"பெரிய கிளாஸ்தான்."

கையை நீட்டினார். ஒரு பக்கம் சதீஷ் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே போனதும் ரகு, "அம்மா!" என்று கத்தினார். கத்திய அடுத்த நொடி கண்ணைத் திறந்து சதீஷைப் பார்த்தார். முகமெல்லாம் பதற்றம். வலி மறந்துவிட்டது அவருக்கு. அவசர அவசரமாக, "சித்தி... சித்தி" என்று திருத்திக்கொண்டார்.

சதீஷ் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சரோஜா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அழவில்லை, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எதுக்கு இந்தப் பாவத்தை எல்லாம் கட்டிக்கினீங்கோ?" என்று கன்னியம்மா அவர் காதுபடவே முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

அன்று கூட்டத்தில் ரோஸ் மில்க்கை நான் சுத்தமாக மறந்துவிட்டேன்.

4. ஆடித் தள்ளுபடி

முதல் ரிப்போர்ட் சில நாட்களில் வந்துவிடும். முக்கியமான சில குரோமோசோம்களை மட்டும் அவசரமாகப் பார்த்துச் சொல்வார்கள். ரிசல்ட்டை யார் வயிற்றில் குழந்தை இருக்கிறதோ அவளிடம்தான் முதலில் சொல்வேன். எங்கள் ஊரில் பேஷண்ட் போன் நம்பர் என்று கேட்டால் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். நான் விடாமல் அவளுடைய நம்பரையும் வாங்கி வைப்பேன்.

அன்று ரிப்போர்ட்டைத் திறந்தேன். ஒரு முறை படித்தேன், பெயர் சரியா என்று பார்த்தேன், மறுபடி படித்தேன். ஹேமாவுக்குப் போட்டேன். எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், ஆடித் தள்ளுபடி சீசன்.

"ஹேமா, லலிதா சிஸ்டர் பேசறேன்."

"யாரு? கேக்கல! பில் கவுண்டரா?"

"ஸ்கேன் சென்டர்மா! ரிப்போர்ட் வந்துடுச்சு!"

"என்ன சிஸ்டர்? சத்தமா சொல்லுங்க!"

நான் பேஷண்ட் விஷயத்தைக் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை. ஜூனியர் யாராவது பேசினால் தோலை உரித்துவிடுவேன். அன்று எழுந்து நின்று கத்தினேன். "நார்மல்! எல்லாம் நார்மல்!"

அந்தப் பக்கம் புடவை விலை சொல்லும் குரல்கள்தான் கேட்டன. பிறகு யாரோ, "மேடம், என்னாச்சு மேடம், சேர் கொண்டாங்கப்பா" என்றார்கள். அதன்பிறகு ஹேமாவின் சிரிப்பு கேட்டது, அழுகையும் சேர்ந்து. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால், திறந்திருந்த கதவு வழியாக எங்கள் வெயிட்டிங் ஹால் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் பெரிய வயிற்றோடு இருந்த பெண் கை தட்டினாள். எனக்கு மானமே போயிற்று. ஆனால் சந்தோஷமாக இருந்தது, என்ன செய்வது.

முழு ரிப்போர்ட் வந்த அன்று எல்லாருமே வந்தார்கள். சதீஷின் அம்மா வசந்தாவும் வந்திருந்தார். ரகு யார் என்பதைச் சதீஷ் அவரிடம் சொல்லியிருக்கிறார். மேற்கு மாம்பலத்தில் பெரிய ரகளையாம். என் மூன்று நாற்காலியில் ஒன்றைக் கேட்காமலே எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். சதீஷ் நின்றார்.

குழந்தையின் குரோமோசோம் எல்லாம் சரி. ஹேமாவுடையதும் சரி, எந்தத் துண்டும் எங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு முறை கலைந்ததற்குக் காரணம் இதுவல்ல, பல சமயம் காரணமே தெரியாமலும் கலையும். ரகுவுக்கு இருப்பது சாதாரண வகை. இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அது பரம்பரையாக வருவதில்லை, கரு உண்டாகிற நேரத்தில் தானாக நேர்வது.

சரோஜா என்னையே பார்த்தார். "அப்போ என் வயித்துல கோளாறு இல்லையா?"

"இல்லம்மா."

"அவர் பக்கத்துலயும் இல்லையா?"

"இல்ல. யார் பக்கத்துலயும் இல்ல."

"எங்க மாமியார் என்னை ராசி கெட்டவன்னாங்க. நானும் ஏதோ என் ரத்தத்துலதான் இருக்கு, என் பொண்ணுக்கும் ஒட்டிக்கும், வெளிய தெரிஞ்சா அவளை யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு..." நிறுத்தினார். "முப்பத்தாறு வருஷம்ங்க."

அன்றைக்குத்தான் அவர் அழுதார். பெற்ற பிள்ளையையே தன்னைச் சித்தி என்று கூப்பிட வைத்த பெண்மேல் எனக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. அது போய்விட்டது. என் கையை அவர் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது.

வசந்தா மட்டும் இளகவில்லை. "சம்பந்தியம்மா, அந்தப் பையனைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? ஆறு வருஷமா என்னை நாலு பேர் முன்னாடி முட்டாளாக்கிட்டீங்களே, அதைத்தான் கேக்கறேன்." போகும்போது வசந்தா என் பக்கம் குனிந்து, "ரிப்போர்ட்ல எல்லாம் தெரியுமாமே, ஆணா பொண்ணான்னு..." என்று இழுத்தார். "அம்மா, ஜெயில்ல போடுவாங்க. என்னை மட்டும் இல்ல, கேட்டதுக்கு உங்களையும்" என்றேன். வேகமாகப் போய்விட்டார்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயமும் நன்றாக இருந்தது. அந்தக் கழுத்துக் கனம் ஏன் வந்தது, எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. சில குழந்தைகள் அப்படி ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுச் சமர்த்தாகப் பிறக்கும்.

5. மாமன் மடி

நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். "குடும்பத்துல யாருக்காவது குறை இருக்கா" என்ற கேள்வியை அன்றோடு விட்டுவிட்டேன். குறை என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? "வீட்டுல யார் யார் இருக்காங்க, ஒவ்வொருத்தரைப் பத்தியும் சொல்லுங்க" என்று கேட்கத் தொடங்கினேன். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். அதே கேள்வியை அந்தப் பெண்ணிடம் தனியாக இன்னொரு முறை கேட்பேன். வெயிட் மெஷினை ரிப்பேர் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ரிட்டயர் ஆனேன்.

பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒரு வயது ஆகும் முன்னால் காது குத்தல். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹால். என்னையும் கன்னியம்மாவையும் ஹேமா வீட்டுக்கே வந்து அழைத்திருந்தாள். நுழைந்ததும் ரகு வந்து நின்றார். பட்டு வேட்டி, சட்டைப் பையில் அதே சீப்பு.

"சிஸ்டர். ரோஸ் மில்க்."

கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் ஆகியும் மறக்கவில்லை மனுஷன். கன்னியம்மா என்னை முறைத்தாள். "பெரிய கிளாஸ்னு சொல்ட்டு ஏமாத்திகினாங்கோ இவங்கோ" என்று அவரோடு சேர்ந்துகொண்டாள். சாயங்காலம் கட்டாயம் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆசாரி வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். சரோஜா வேளச்சேரியிலிருந்து தன் தங்கை மகன் ஒருவரை வரச் சொல்லியிருந்தார். அவர் மனையில் உட்காரப் போனார். பழக்கதோஷம்தான், வேறென்ன. கூட்டம் என்றதும் சரோஜாவுக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. ஹேமா வாயைத் திறப்பதற்குள் வசந்தாவின் குரல் ஹாலையே எழுப்பியது.

"நில்லுங்க தம்பி. சம்பந்தியம்மா, கூடப்பிறந்த மாமன் அங்க நிக்கும்போது இது யாரு?"

"இல்ல, ரகு பயந்துடுவான்னு..."

"உங்கமேல எனக்குக் கோவம் இன்னும் போகல. அது வேற. என் பேத்திக்குச் சொந்த மாமன் மடி வேணும். அது வேற. கூப்பிடுங்க அவனை."

சதீஷ் போய், "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ரகு மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்ததும் மூச்சுகூட விடாமல் இருந்தார். அது அவருடைய சீப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

முதல் காது. குழந்தை வீறிட்டது. ரகு பதறிப்போய் அதன் இன்னொரு காதைத் தன் உள்ளங்கையால் இறுக்க மூடிக்கொண்டார். "போதும். ஒண்ணு போதும்." ஆசாரி கெஞ்சினார், சதீஷ் கெஞ்சினார், கையை எடுக்கவே இல்லை. சுற்றி நூறு பேர் சிரித்தார்கள். ரகு கலங்கிப்போய்க் கூட்டத்தைப் பார்த்தார். வெளியாட்கள். எங்கே பார்த்தாலும் வெளியாட்கள். உதவிக்கு அவர் கூப்பிட்டார்.

"சித்தி! சித்தி, பாப்பா அழுவுது!"

சரோஜா மூன்றாவது வரிசையில் இருந்தார். எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, மனைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ரகுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சித்தி இல்லடா" என்றார், ஹாலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அம்மா. இனிமே எல்லார் முன்னாடியும் அம்மா."

ரகு சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவா என்று சதீஷைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

"அம்மா" என்றார் ரகு, முதலில் மெதுவாக. பிறகு நன்றாகச் சத்தமாக, "அம்மா, பாப்பா அழுவுது."

"நான் பார்த்துக்கறேன். நீ கையை எடு."

எடுத்தார். ஆசாரி அடுத்த காதைக் குத்தினார்.